நேயர் கடிதமா, துரைக்கு மனுவா?

சிற்றலை வானொலியின் பேச்சை எடுத்தால் நம்மவரில் பலர் பெருமூச்சு விடுகின்றனர். லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு சிற்றலையில் ஓய்ந்தது. மணிலாவினின்று ஒலித்த வேரித்தாஸ் வானொலி 2018-இல் சிற்றலையைக் கைவிட்டது. "நாங்கள் எத்தனை கடிதம் எழுதினோம் தெரியுமா?" என்று சொல்லி, பழைய பெட்டியைத் திறந்து வண்ண அட்டைகளையும் நாட்காட்டிகளையும் எடுத்துக் காட்டுவோர் பாடாங் செராயிலும் உண்டு, கூலிமிலும் உண்டு. அவர்களை நாம் கேட்பது ஒன்றே. அந்நிலையங்கள் உங்களுக்கு அனுப்பியவை பத்திரமாய் இருக்கின்றன. நீங்கள் அவற்றிற்கு அனுப்பியவை எங்கே? அவற்றில் நீங்கள் எழுதியதுதான் என்ன?

இக்கேள்வி சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் கேட்டே தீரவேண்டும். நேயர் கடிதம் என்பது ஒரு சாட்சிப் பத்திரம். அதை நம்மவர் மனுவாக்கிவிட்டனர் என்பதே நமது குற்றச்சாட்டு.

சாட்சி என்று ஏன் சொல்கிறோம்? சிற்றலை நேர்வழியே வருவதன்று. கோபுரத்தினின்று புறப்பட்டு, மேல்வானத்திலுள்ள அயனி மண்டலத்திற் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து இறங்குவது. அம்மண்டலமோ பகலில் ஒருவிதம், இரவில் ஒருவிதம். சூரியனிற் கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் சுமார் 11 ஆண்டுச் சுழற்சிக்கு ஏற்பவும் மாறுவது. ஆகவே லண்டனில் உட்கார்ந்திருக்கும் பொறியாளனுக்கு, தன் நிலையத்தின் குரல் கெடாவின் பால்மரக் காட்டிலே, மாலை இடிமழையினூடே, எவ்வாறு விழுகின்றது என்பது தெரியாது. அவனுக்குச் செவியாக நின்று உண்மையுரைப்பவன் நேயனே.

இதற்கென்று உலகெங்கும் ஒரு முறை வழங்கி வந்தது. சின்போ என்பது அதன் பெயர். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறியிறங்கும் தன்மை, மொத்தத் தரம் ஆகிய ஐந்திற்கும் 1 முதல் 5 வரை எண் இடவேண்டும். 5 சிறந்தது, 1 தாழ்ந்தது. கேட்ட நாள், உலகப் பொது நேரம், அலைவரிசை, கேட்ட செய்தியின் குறிப்பு ஆகியவற்றையும் எழுதவேண்டும். நிலையத்தார் தங்கள் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, சரியென்று கண்டால், கியூ.எஸ்.எல். அட்டை அனுப்புவர். ஆகவே அவ்வட்டை அன்பளிப்பன்று, அருட்பிரசாதமுமன்று. செய்த வேலைக்குக் கிடைத்த ரசீது.

நம்மவர் செய்ததென்ன? ஐந்து எண்களுக்கும் ஐந்தையே போட்டு, "தங்கள் குரல் தேனாய்ப் பாய்கின்றது" என்று எழுதியனுப்பியோர் எத்தனை பேர்! கரகரப்பில் பாதிச் செய்தி விழுங்கப்பட்ட இரவிலும் ஐந்தே. அயல் நிலையம் குறுக்கே புகுந்து முழங்கிய இரவிலும் ஐந்தே. குறை சொன்னால் அட்டை வராது என்ற அச்சம்! தோட்டத்திலே பாலில் தண்ணீர் கலந்து எடை கூட்டினால், ரப்பர் எவ்வளவு என்று சோதிக்கும் கருவி காட்டிக் கொடுத்துவிடும். கடிதத்திற் கலந்த தண்ணீரைக் காட்டிக் கொடுக்கக் கருவி இல்லாமற் போயிற்று. குறையைச் சொல்லியிருந்தால் அலைவரிசையை மாற்றியிருப்பர், நேரத்தை மாற்றியிருப்பர். தேன் பாய்கின்றது என்று கேட்டவன் எதை மாற்றுவான்?

இப்புத்தி எங்கிருந்து வந்தது? துரைமார் காலத்து மனுவிலிருந்து வந்தது. "சமூகத்திற்கு அடியேன் வணக்கத்துடன் விண்ணப்பித்துக்கொள்வது" என்று தொடங்கி, பாதி வரை புகழ்ந்து, ஈற்றில் ஒன்றை இரந்து முடிப்பதே மனு. நேயர் கடிதமும் அப்படியே ஆயிற்று: தொடக்கத்தில் புகழ், ஈற்றில் நாட்காட்டி வேண்டுகோள்.

இங்கே வரலாறு ஒன்றை நினைவூட்டுவோம். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது 1941 மே 3-ஆம் நாள். தமிழோசை என்னும் பெயரைப் பின்னாளில் அதற்கு இட்டவர் சோ. சிவபாதசுந்தரம். ஒலிபரப்புத் தொடங்கிய அதே மாதத்தில், நம் நாட்டுக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டவற்றுள் கூலி உயர்வு மட்டுமா இருந்தது? துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர் வழிவந்தோர், கடிதத்தில் மட்டும் இறங்கி நிற்பதேன் என்று கேட்கிறோம்.

இறங்கி நின்றமையாற் கேட்கவேண்டியதைக் கேட்டோமில்லை. 1941 மே மாதத்துக் கிள்ளானைப் பற்றித் தமிழில் ஒரு நிகழ்ச்சி தாருங்கள் என்று லண்டனுக்கு எழுதியோர் எத்தனை பேர்? சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்ட் 1-ஆம் நாள் தொடங்கிற்று. நேயர்க்குப் பதில் எழுதுவதிலும், பொது அறிவுப் போட்டி நடத்துவதிலும் அதற்குப் பெரும்பெயர் உண்டு. விடைகளை நிலையமே முன்கூட்டி ஒலிபரப்பும். நம்மவர் அவற்றையே திருப்பி எழுதி அனுப்புவர். 1959 முதல் 1961 வரை அந்நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைப் பற்றிக் கேள்வி எழுதியோர் எத்தனை பேர்? விடையைத் திருப்பி எழுதுவது கிளிப்பிள்ளையின் வேலை. வினாவை எழுப்புவதே நேயனின் வேலை.

நம் கூற்றை மறுப்போர் மூன்று சொல்வர்.

"பெயரை வானொலியிற் கேட்பது ஏழைகளின் இன்பம், அதையும் பழிக்கலாமா?" என்பர். பழிக்கவில்லை. இலங்கை வானொலிக்குப் பாட்டுக் கேட்டு எழுதி, பெயர்ப்பட்டியலில் தன் பெயர் வரக் காத்திருந்த மக்களை நாம் அறிவோம். எந்தப் பத்திரிகையும் அச்சிடாத ஊரின் பெயரை ஒருவன் கடலுக்கப்பாலிருந்து கேட்பானாயின், அவன் நெஞ்சு நிமிர்வது நியாயமே. ஆயின் பெயர் முகவரியில் இருக்கவேண்டியது. செய்தி கடிதத்தினுள் இருக்கவேண்டியது. முகவரி மட்டும் உள்ள கடிதம் வெற்றுறையே.

"எழுத்தறியாதவர் என்ன செய்வர்?" என்பர். எழுத்தறியாதவர்க்கு எழுதிக் கொடுத்தோர் ஆங்கிலம் கற்ற கிராணிமாரும் ஆசிரியருமே. லயத்து மனிதன் "சத்தம் சரியில்லை, பாதி புரியவில்லை" என்று உள்ளதைச் சொல்ல, அதை அலங்காரமாக்கி, "யாவும் நன்று" என்று எழுதியது படித்தவன் கை. குற்றம் எழுத்தறியாமையினுடையதன்று.

"அயல்நாட்டு நிலையத்திற்கு எழுதுவது ஆபத்து" என்பர். இவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், பேராக்கிலுள்ள பாப்பானில் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து லண்டன் செய்தி கேட்ட செவிலியர் சிபில் கார்த்திகேசு கொடிய சித்திரவதைக்கு ஆளாகி, 1948-இல் மாண்டார். 1969 முதல் 1981 வரை சீனத்தினின்று ஒலித்த மலாயாப் புரட்சிக் குரல் தமிழிலும் பேசிற்று. அதற்குக் கடிதம் எழுதுவதை இந்நாட்டில் எவன் நினைத்திருப்பான்? ஆயின் இரைச்சல் மிகுதி என்று லண்டனுக்கு எழுதுவதில் என்ன ஆபத்து? உண்மையைக் கேட்பதற்காக ஒரு பெண்மணி உடலை வதைக்கக் கொடுத்த நாட்டில், கேட்டதை உள்ளபடி எழுதுவதற்கு ஒரு முத்திரைக் காசு போதுமே!

இனி நட்டக் கணக்கிற்கு வருவோம். தோட்ட அலுவலகத்தில் நகல் வைக்காமல் ஒரு கடிதமும் வெளியே போகாது. செக்ரோலில் ஒரு நாள் பேர் விடுபட்டாலும் கேள்வி வரும். ஆயின் தோட்டத் தமிழர் கடல்கடந்து எழுதிய கடிதங்களுக்கு நகல் உண்டா? எங்கோ வாசிக்கப்பட்டு, எங்கோ எறியப்பட்டன. நம்மிடம் மிஞ்சியவை அயலார் அனுப்பிய படங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, கூலிமில் 1996-இல் தொழிற்பூங்கா திறந்தது. அக்காலத்து மாந்தர் எதைக் கேட்டனர், எதை நம்பினர், எதை ஐயுற்றனர் என்பதை அவர் கையெழுத்தாலே அறியும் வழியை அவரே அடைத்துவிட்டனர். துரைக்குரிய கணக்கிற்கு நகல் வைத்த இனம் தன் சொல்லுக்கு நகல் வைக்கவில்லை!

"சிற்றலையே போயிற்று, இனி இப்பேச்சால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பாருக்கும் விடையுண்டு. நிலையங்கள் மாறின, எழுதும் புத்தி மாறவில்லை. இன்று பத்திரிகைக்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் பள்ளி வாரியத்திற்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாம் எழுதுவனவற்றை எடுத்துப் பாருங்கள். பாதி புகழ், ஈற்றில் இரப்பு. ஐந்துக்கு ஐந்து!

தோழர்களே, பெட்டியில் உள்ள அட்டைகளை எறியவேண்டாம். ஒவ்வொன்றின் பின்னும், அன்று கேட்டதென்ன, எழுதியதென்ன என்று நினைவிலுள்ளதைக் குறித்து வையுங்கள். நேரத்தைக் கணக்கிடும்போது, 1982 ஜனவரி 1-க்கு முன் நம் கடிகாரம் உலகப் பொது நேரத்திற்கு ஏழரை மணி முந்தியிருந்தது, அதன்பின் எட்டு மணி என்பதை மறவாதீர். முதியோர் இருக்கும்போதே அவரைக் கேட்டெழுதுங்கள். இனி எவருக்கு எழுதினும், மூன்று என்று கண்டால் மூன்றென்றே எழுதுங்கள். அனுப்புமுன் நகல் எடுத்து வையுங்கள்.