ஆளைக் கழித்தால் ஆலை பிழைக்குமா?

1996 ஜூலையில் சன்பீம் என்ற அமெரிக்க வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி, ஆல் டன்லப்பைத் தன் தலைவராக அறிவித்தது. ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறத்தாழ 50 சதவீதம் எகிறியது. அன்றைக்கு அந்தக் கம்பெனி செய்த டோஸ்டரிலோ மின்சாரப் போர்வையிலோ ஒரு திருகாணிகூட மாறியிருக்கவில்லை. ஆட்களை வெட்டுவதில் பேர்போன ஒருவர் வருகிறார் என்ற செய்தியே சந்தைக்குப் போதுமானதாக இருந்தது. 'செயின்சா ஆல்' என்று பட்டம் வாங்கியவர் அவர். அதற்கு முன் ஸ்காட் பேப்பர் கம்பெனியில் 11,000க்கும் மேற்பட்ட வேலைகளை ஒழித்து, கம்பெனியையே கிம்பர்லி-கிளார்க்குக்கு விற்று, சுமார் 10 கோடி டாலருடன் வெளியேறியிருந்தார்.

நொடித்த ஆலையை நிமிர்த்த ஈவிரக்கமில்லாத ஒருவர் வேண்டும், சம்பளப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டால் மிச்சம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. போர்டு கூட்டங்களில் அதைத் துணிச்சல் என்கிறார்கள். வணிகப் பத்திரிகைகள் அதை அட்டைப்படத்தில் போடுகின்றன. அந்த நம்பிக்கை பொய். அதை நம்பிய ஆலைகள் மூடப்பட்டிருக்கின்றன.

சன்பீமில் நடந்ததையே பார்க்கலாம். வந்த சில மாதங்களில் 12,000 பேரில் பாதிப் பேரை நீக்குவதாகவும், 26 ஆலைகளில் 18ஐக் கைவிடுவதாகவும் டன்லப் அறிவித்தார். 1997ல் கணக்கேட்டில் சாதனை லாபம் வந்தது. வந்த விதம்தான் கோளாறு. கோடையில் விற்க வேண்டிய கிரில் அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே தள்ளுபடி கொடுத்துக் கடைக்காரர்கள் தலையில் கட்டினார்கள். பணத்தைப் பல மாதம் கழித்துத் தந்தால் போதும். சரக்கும் கிடங்கிலேயே இருக்கலாம். ஆனால் விற்பனை அந்தக் காலாண்டிலேயே பதிவாகிவிடும். அந்த ஆண்டு காட்டப்பட்ட 18.9 கோடி டாலர் லாபத்தில் குறைந்தது 6 கோடி கணக்கு மோசடியால் வந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னால் குற்றம் சாட்டியது. 1998 ஜூனில் போர்டே டன்லப்பை வெளியே அனுப்பியது. 2001 பிப்ரவரியில் சன்பீம் திவால் பாதுகாப்பு கோரியது. அடுத்த ஆண்டு டன்லப் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 5 லட்சம் டாலர் கட்டி, இனி எந்தப் பங்குச் சந்தை நிறுவனத்திலும் பொறுப்பு வகிக்க முடியாது என்ற தடையையும் ஏற்றுக்கொண்டார்.

டன்லப் நேர்மையாகக் கணக்கு எழுதியிருந்தாலும் இந்த வழி தேறியிருக்காது. மிச்சப்படும் சம்பளம் இந்தக் காலாண்டிலேயே கண்ணில் படும். எந்த அச்சு எப்போது மக்கர் செய்யும், எந்த சப்ளையர் அனுப்பும் தகடு கொஞ்சம் வளைந்து வரும் என்று தெரிந்த ஆள் போனதன் நஷ்டம் ஓராண்டு, ஈராண்டு கழித்து, திரும்பி வரும் பழுதுகளாக வெளிப்படும். அதற்குள் தலைவர் போனஸ் வாங்கியிருப்பார்.

இதற்கு நேர்மாறான கதை கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் நடந்தது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, அந்தக் கம்பெனியின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. வேலைக்கு வராதவர்கள் 20 சதவீதம். வேலை நேரத்திலேயே குடி. தீர்க்கப்படாத தொழிலாளர் புகார்கள் ஆயிரக்கணக்கில். எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் கோளாறான கார்கள் அப்படியே நகர்ந்து, வெளியே பழுதுபார்க்கக் குவிந்தன. 1982ல் ஆலை மூடப்பட்டது. குற்றவாளி தொழிலாளிதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து, நும்மி என்ற பெயரில் அதே கட்டடத்தைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவின் கையில். தொழிலாளர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் அதே பழைய ஆட்கள், தொழிற்சங்கமும் அதேதான். முதலில் சில நூறு பேரை ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். லைன் நெடுகிலும் ஒரு கயிறு தொங்கியது. போல்ட் சரியாக ஏறவில்லையா, இழுக்கலாம். இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார், கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். எந்தத் தொழிலாளியையும் நம்பாத ஆலையில், எல்லாத் தொழிலாளிக்கும் லைனை நிறுத்தும் அதிகாரம் வந்தது. அதிகாரிகளும் தொழிலாளிகளும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் தரத்திலும் வேகத்திலும் நும்மி தகாவோகாவை நெருங்கிவிட்டது. மாற்றப்பட்டது நிர்வாகம். இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்?

"நிசானைக் காப்பாற்றியது கத்திதானே?" என்பார்கள். அந்த ஜப்பானிய கார் கம்பெனியை நிமிர்த்த வந்த கார்லோஸ் கோன் 1999ல் அறிவித்த திட்டத்தில் 5 ஆலைகள் மூடல், 21,000 வேலைகள் குறைப்பு. 68,400 கோடி யென் நஷ்டத்திலிருந்த கம்பெனி அடுத்த நிதியாண்டிலேயே 33,100 கோடி யென் லாபம் காட்டியது. உண்மைதான். தேவைக்கு மீறிய ஆலைகளை எந்தத் தலைவரும் என்றைக்கும் சுமக்க முடியாது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலைக் குறைப்பின் பெரும்பகுதி, ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் விட்டதால் நடந்தது. திட்டத்தின் இதயம் கொள்முதல் செலவை 20 சதவீதம் இறக்குவது. எங்கே, எப்படி இறக்குவது என்று கண்டுபிடித்தவர்கள், 9 குழுக்களாக உட்கார்ந்த நிசானின் சொந்த இன்ஜினியர்களும் இடைநிலை மேலாளர்களும். விடை ஏற்கெனவே உள்ளே இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. கோனை வெட்டுவீரராக மட்டும் நினைவில் வைத்தவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

நும்மியும் 2010ல் மூடப்பட்டது என்பது இன்னொரு வாதம். 2009ல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. டொயோட்டா தனியாகத் தொடர விரும்பவில்லை. ஃப்ரீமான்டில் கண்ணெதிரே கிடைத்த பாடத்தைத் தன் மற்ற ஆலைகளுக்குப் பல ஆண்டுகள் கொண்டுபோகாதது ஜெனரல் மோட்டார்ஸின் தவறு.

ஆர்டர் விழும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கும் நும்மியின் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் பதில் இருந்தது. கம்பெனியின் பிழைப்பே ஆட்டம் காணும் அளவுக்கு நிலைமை முற்றாமல் லே-ஆஃப் கிடையாது. அதற்கு முன் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது போன்ற நடவடிக்கைகளை எடுக்க வேண்டும். காகிதத்தில் எழுதுவது எளிது. 1988 வாக்கில் செவ்ரோலே நோவா விற்காமல் உற்பத்தி சரிந்தபோது சோதனை வந்தது. யாரையும் அனுப்பவில்லை. வேலையில்லாமல் நின்றவர்களைப் பயிற்சிக்கும், லைனைச் சீர்படுத்தும் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். மூன்றாண்டு கழித்து அதே வளாகத்தில் டொயோட்டா பிக்கப் வண்டிகளுக்காக இரண்டாவது லைன் ஓடத் தொடங்கியது.