அண்டா சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் மைத்துனன் ஒரு கையில் கொதிக்கும் கெட்டிலும் மறு கையில் பாத்ரூம் அடைப்பெடுக்கும் ரப்பர் பம்புமாக என் காரை நோக்கி நடந்துவந்தான். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. அடுக்குமாடிப் பார்க்கிங்கில் யாரோ ஒரு புண்ணியவானின் பைக் ஹேண்டில் சாய்ந்து விழுந்த பரிசு.

“இரும்புக்கு ஞாபகசக்தி உண்டு மாமா. சூடு பட்டா தானா பழைய ஷேப்புக்கு வந்துரும். வீடியோ அனுப்பினேனே, பாக்கலையா?”

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஒளித்து வைத்திருப்பேன். முதலில் வெந்நீர் ஊற்றினான். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டி. அப்புறம் ரப்பர் பம்பை ஒட்டி, காலைக் கதவில் முட்டுக்கொடுத்து இழுத்தான். நான்காவது இழுப்பில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒடுக்கின் பாதி அப்படியே நின்றது. மேல் விளிம்பில் அதுவரை இல்லாத ஒரு மேடு முளைத்திருந்தது. சுற்றிலும் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம், போனஸ்.

இந்த வெந்நீர் வைத்தியர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எங்கள் பாட்டி வீட்டு அண்டாவுக்கு என்ன பதில்?

அது செம்பு அண்டா. ஒன்பது வயதில் கிணற்றுமேடையிலிருந்து அதை நான் உருட்டிவிட்டேன். வயிற்றுப் பக்கம் ஓர் ஒடுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு இருபது வருடம், தினமும் விடியற்காலையில் அதில் வெந்நீர் கொதித்தது. கெட்டில் தண்ணீர் அல்ல, விறகடுப்பின் தீயே அந்த ஒடுக்கை நக்கிக்கொண்டிருந்தது. கொதித்ததும் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி விளாவுவார்கள். சூடு, உடனே குளிர். வீடியோவில் சொல்லும் அதே பக்குவம். வருடத்துக்கு 365 என்று வைத்தாலும் 7,300 தடவை! ஒடுக்கு ஓர் இழைகூட அசையவில்லை. செம்புக்கு ஞாபகமறதி போலிருக்கிறது.

ஞாபகசக்தி உள்ள உலோகம் உலகத்தில் இல்லாமல் இல்லை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்று ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிலவகை ஸ்டென்ட்டில் அது இருக்கிறது. என் கார்க் கதவில் இல்லை. அங்கே இருப்பது ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. அதை லேசாக அமுக்கினால் திரும்பி வரும்; அளவுக்கு மீறி அமுக்கினால் வராது. வளைந்த இடம் முன்பைவிட இறுகியும் போகும். பைக் விழுந்த நொடியிலேயே, அந்தத் தகட்டுக்கு ஒடுக்குதான் சொந்த வடிவம்.

சூட்டைப் பற்றியும் பேசிவிடலாம். தொழிற்சாலையில் பெயிண்ட் உலர வைக்கிற அடுப்பில் ஏறத்தாழ 170 டிகிரியில் வெந்துதான் அந்தக் கதவு வெளியே வந்தது. அதைப் போய் 100 டிகிரி தண்ணீர் இளக்கிவிடுமாம்! அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் வெயிலில் நிறுத்திய காரின் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள், தோல் உரியும். இந்தச் சித்தாந்தப்படி மே மாதம் முடியும்போது தமிழ்நாட்டில் ஒரு காருக்கும் ஒடுக்கு இருக்கக் கூடாது. 1984 ஜூலை 12 அன்று மியூனிக் நகரத்தில் கொட்டிய ஆலங்கட்டி மழையில் சுமார் 2 லட்சம் கார்கள் அம்மைத் தழும்பு வாங்கின. ஜெர்மன்காரர்களுக்கு வெந்நீர் போடத் தெரியாதா என்ன?

பிறகு வீடியோவில் மட்டும் எப்படி வருகிறது? பம்பர் ஐயா, பம்பர்! அந்த வீடியோக்களைக் கண்ணைத் திறந்து பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேர் வெந்நீர் ஊற்றுவது பம்பரில். அது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வாளி வெந்நீரில் நெளிவதைப் பார்க்காத வீடு உண்டா? வாளிக்குப் பொருந்துவது அண்டாவுக்குப் பொருந்தாது என்பது பாட்டிக்குத் தெரியும். பொறியியல் படித்த என் மைத்துனனுக்குத் தெரியவில்லை.

மறுநாள், பெயிண்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுக்கிற ஒருவரை அழைத்தேன். வந்தவர் முதலில் ரப்பர் வளையத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாகரிகமான மனிதர். ‘இதுக்கு முன்னாடி இந்தக் கதவுல பட்டி பார்த்திருக்கீங்களா சார்?’ என்று மட்டும் கேட்டார். பட்டி வைத்து மறுபெயிண்ட் அடித்த கதவு என்றால் இழுக்கும்போது பெயிண்டே பொருக்காகப் பெயர்ந்து வந்துவிடுமாம்.

கோடு கோடாக எரியும் ஒரு விளக்கைக் கதவுக்கு எதிரே நிறுத்தினார். நல்ல தகட்டில் அந்தக் கோடுகள் நேராக விழும். ஒடுக்கில் கோலம் கலைந்த மாதிரி நெளியும். அவர் ஒடுக்கைப் பார்ப்பதே இல்லை, அந்த நெளிவைத்தான் படிக்கிறார். கண்ணாடியை இறக்கி, ஆப்பு ஒன்றைச் செருகி, இடைவெளியில் நுனி வளைந்த நீளமான கம்பியை நுழைத்தார். கம்பியின் நுனி உள்ளே எங்கே தொடுகிறது என்பது வெளியே விளக்குக் கோட்டில் ஒரு சின்னத் துடிப்பாகத் தெரிகிறது. அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தார். ஒவ்வொரு நெம்பலும் மயிரிழை அளவு. நூற்றுக்கணக்கான நெம்பல்கள். கொஞ்சம் அதிகமானால் பரு மாதிரி மேடு தட்டும். அப்படித் தட்டிய இடத்திலும், மைத்துனன் எழுப்பிய மேட்டிலும், நைலான் நுனி வைத்த ஊசிக்கட்டையை நிறுத்திச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினார்.

கம்பி நுழைய வழியில்லாத விளிம்பில் வேறு வித்தை. சூடான பசையால் ஒரு பிளாஸ்டிக் குமிழை ஒட்டி, கைக்கருவியால் இழுத்து, ஆல்கஹால் விட்டுப் பசையைக் கழற்றினார். நடுவில் வெப்பக்காற்றுத் துப்பாக்கியையும் காட்டினார். “பாத்தீங்களா மாமா, சூடு!” என்று குதித்தான் மைத்துனன். “அது பெயிண்ட்டுக்கு சார். விரிசல் விடாம இருக்க. இரும்புக்கு இல்ல” என்றார் அவர், தலையைத் திருப்பாமலே.

ஒன்றரை மணி நேரத்தில் கோடுகள் நேராயின. இரண்டாயிரம் ரூபாய் கேட்டார். “வெறும் கம்பியால நெம்புறதுக்கு ரெண்டாயிரமா?” என்றான் மைத்துனன்.

எனக்கு எரிச்சல் வெந்நீர்மேல் அல்ல, இந்த ‘வெறும்’மேல்தான். ஒருவன் பல வருடம் கையையும் கண்ணையும் பழக்கி எடுத்த வித்தையை ஒரு கெட்டில் செய்துவிடும் என்று நம்புகிற மனசு இருக்கிறதே, அது எல்லா இடத்திலும் இதே வேலையைத்தான் செய்கிறது. பல் தேய்க்கிற பேஸ்ட்டைக் கார்க் கீறலில் தேய்க்கிறது. நானூறு ரூபாய்க்கு இழுவைக் கருவிப் பெட்டி வாங்கி, ஒரு தடவை இழுத்துவிட்டுப் பரணில் போடுகிறது. கருவி வந்தால் கை வந்துவிடும் என்றால், தவில் வாங்கியவனெல்லாம் வித்வான்.

மறுகோடியில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. அதே ஒடுக்கை அங்கே காட்டியபோது, ‘முழுக் கதவும் பெயிண்ட் சார், இன்ஷூரன்ஸ்ல போட்டுரலாம்’ என்றார்கள், ஏதோ இலவசம் மாதிரி. ஐந்து வருடம் க்ளெய்ம் செய்யாமல் காப்பாற்றிய 50 சதவீத போனஸ் தள்ளுபடி அதோடு போய்விடும் என்பதை நானாகக் கேட்கும்வரை ஒருவரும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்டைச் சுரண்டி, பட்டி பூசி, அதன்மேல் புதுப் பெயிண்ட். நாளைக்கு விற்கப் போனால் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியோடு வருபவன் அந்தக் கதவைக் காட்டியே விலையைக் குறைப்பான். ஒருபக்கம் கெட்டில், மறுபக்கம் பட்டி. நடுவில் கம்பியோடு நிற்கிற மனிதர்தான் பேராசைக்காரராம்!

இருபது வருடம் கழித்து அண்டாவின் ஒடுக்கு எப்படிப் போனது தெரியுமா? ‘ஈயம் பூசறது, ஒடுக்கு எடுக்கிறது’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளே ஓர் இரும்புக்கட்டையைத் தாங்குகொடுத்து, வெளியே விரலால் தடவித் தடவிப் பார்த்து, கொட்டாப்புளியால் தட்டினார். முக்கால் மணி நேரம். காய்கறிக்காரியிடம் கறிவேப்பிலைக்கே பேரம் பேசுகிற என் பாட்டி, அவர் கேட்ட கூலியைக் கொடுத்து ஒரு சொம்பு மோரும் கொடுத்தாள். 7,300 வெந்நீர் செய்யாததை ஒரு கை செய்ததை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருந்தாள்.

நானும் இரண்டாயிரத்தைக் கொடுத்து ஃபில்டர் காபியும் கொடுத்து அனுப்பினேன். மைத்துனன் கதவைத் தடவிப் பார்த்தான். குனிந்து பார்த்தான். எட்ட நின்று பார்த்தான். பிறகு சொன்னான்:

“முந்தின நாள் வெந்நீர் ஊத்தி இளக்கி வெச்சேன்ல மாமா, அதான் அவருக்கு இவ்ளோ ஈஸியா வந்திருக்கு.”

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டில் பேஸ்ட்டை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.