திமிங்கிலத்துக்கு வழி சொன்னது யார்?

புது ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கண்டுபிடிக்க நமக்கு மூணு பேரிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. மூணு பேரும் மூணு திசையில் கை காட்டுவார்கள். திமிங்கிலத்துக்கு அந்த வசதிகூடக் கிடையாது. நடுக்கடலில் பெட்டிக்கடை இல்லை, மைல் கல் இல்லை. தெளிவான தண்ணீரில்கூடச் சில பத்து மீட்டருக்கு மேல் கண் தெரியாது. இருந்தும் கரெக்டாகப் போய்ச் சேருகிறது!

வர்வரா என்ற பெண் சாம்பல் திமிங்கிலத்தின் கதையைக் கேளுங்கள். ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற சகாலின் தீவுப் பக்கம், 2011-ல் விஞ்ஞானிகள் அவள் உடம்பில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தினார்கள். சாட்டிலைட் மூலம் பின்தொடர ஏற்பாடு. அம்மணி கிளம்பினாள். பெரிங் கடல், அலாஸ்கா, கனடா என்று நீந்தி, மெக்ஸிகோவில் பாஹா கலிஃபோர்னியா வரை போய், மறுபடி சகாலினுக்கே திரும்பினாள். போக வர சுமார் 22,500 கிலோமீட்டர். ஆறு மாதத்துக்குள்! அதிலும், போன வழியிலேயே திரும்பி வரவில்லை. கரை தெரியாத ஆழ்கடலில் வேறு ரூட் பிடித்து வந்தாள். கரையோரமாக உரசிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும் என்கிற சுலபமான விளக்கம் அத்தோடு காலி.

சரி, நேர்க்கோட்டிலாவது போகிறதா? போகிறது. நியூஸிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிராவிஸ் ஹார்ட்டன் குழுவினர், தென் பசிபிக்கிலும் தென் அட்லாண்டிக்கிலும் 16 கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாதையை வரைந்து பார்த்து 2011-ல் எழுதினார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள நேர்க்கோடுகள்! அவற்றில் பாதிக்கும் மேல், விலகல் ஒரு டிகிரிக்கும் குறைவு. நடுவில் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும், புயல் அடிக்கும். நம் ஆள் அசரவில்லை.

"அதுக்கென்ன சார், சூரியனைப் பார்த்துப் போகும்" என்பீர்கள். சூரியன் நிற்கிற இடம் தேதிக்குத் தேதி, இடத்துக்கு இடம் மாறுகிறது. "அப்ப பூமியோட காந்தம்?" அதுவும் வழி நெடுக ஒரே மாதிரி இல்லை, கோடு மட்டும் நேராகவே இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது, இரண்டையும் சேர்த்தே உபயோகிக்கலாம் என்பது ஹார்ட்டன் கட்சி.

காந்தக் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர், 31 வருஷத்தில் உயிரோடு கரை ஒதுங்கிய 186 சாம்பல் திமிங்கிலங்களின் கணக்கை எடுத்தார்கள். காயம், நோய் என்று வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாதவை. அந்தத் தேதிகளைச் சூரியனின் நடவடிக்கையோடு ஒப்பிட்டார்கள். சூரியனிலிருந்து ரேடியோ இரைச்சல் பலமாக வந்த நாட்களில், கரை ஒதுங்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல்! 2020-ல் வெளியான ஆய்வு இது. பூமியின் காந்தம் அப்படியேதான் இருந்திருக்கிறது. அதைப் படிக்கிற ரிஸீவர்தான் கொஞ்ச நேரம் மக்கர் பண்ணியிருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகிக்கிறார்கள். அந்த ரிஸீவர் உடம்பில் எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளப் பிராணியை லேபில் கூண்டு போட்டு வைத்துப் பரிசோதிக்க முடியுமா என்ன?

திசை தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே போகவேண்டும் என்று தெரியவேண்டுமே? கையில் காம்பஸ் இருந்தும் அட்ரஸ் இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? அந்த அட்ரஸைக் கொடுப்பது அம்மா. கூன்முதுகுக் குட்டி வெதுவெதுப்பான கடலில் பிறந்து, முதல் வருஷம் தாய் பின்னாலேயே குளிர்கடலுக்குப் போகிறது. தாய் சாப்பிட்ட இடத்துக்கே பெரிதான பின்பும் வருஷா வருஷம் வருகிறது. ஒரே ஒரு தடவை கூட்டிப் போனால் ஆயுசுக்கும் மறப்பதில்லை!

இந்த ஞாபகம்தான் ஆபத்தும்கூட. கலிஃபோர்னியாப் பக்கம் 60 நீலத் திமிங்கிலங்களைப் பத்து வருஷம் தொடர்ந்து ஆராய்ந்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. இந்த வருஷம் கடலில் இரை எப்போது பெருகுகிறது என்பதைவிட, பல வருஷ சராசரியில் எப்போது பெருகியதோ, அந்தக் கணக்குப்படிதான் இடம் மாறுகின்றனவாம். பழைய ரயில்வே டைம்டேபிளை நம்பி ஸ்டேஷனுக்குப் போகிற மாதிரி. கடல் சூடாகி நேரம் மாறினால், ரயில் போயிருக்கும்.

அதைவிட மோசம், டைம்டேபிளே தொலைந்து போவது. 'ரைட்' திமிங்கிலம் என்று ஒரு ஜாதி. மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும், ஆகவே வேட்டைக்கு 'ரைட்' என்று பேர் வைத்தார்களாம்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூஸிலாந்துக் கரையில், குட்டி போட வந்த தாய்களையே குத்திக் கொன்றார்கள். எங்கோ தெற்கே ஆக்லாந்து தீவுகளில் கொஞ்சம் பிழைத்தன. வேட்டை நின்ற பிறகும் பழைய கரைக்குப் பல பத்து வருஷம் ஒன்றும் வரவில்லை. கடல் அதேதான், கரையும் அதேதான். வழி தெரிந்த தாய்கள் இல்லை, அதனால் குட்டிகளுக்குச் சொல்ல ஆளில்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

2011-ல் மரபணுவை வைத்து ஒரு செய்தி சொன்னார்கள். அந்தத் தெற்குத் தீவுத் திமிங்கிலங்களில் சில, மறுபடி நியூஸிலாந்துக் கரைக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. எந்தத் தாய் முதலில் துணிந்தாளோ, தெரியாது. குட்டியோடு அங்கே ஒருத்தி வந்துவிட்டால் போதும். பாக்கியைக் குட்டி பார்த்துக்கொள்ளும்.