வேலைநீக்கமும் நீதியும்

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மை அணுகி, தம் மகனுக்காகச் சிபாரிசுக் கடிதம் கேட்டார். ஒன்பது ஆண்டுகள் உழைத்த ஆலையிலிருந்து விசாரணை ஏதுமின்றி அவனை நீக்கிவிட்டனராம். "போனது போகட்டும் சாமி, வேறு இடம் கிடைத்தால் போதும்" என்றார். அவ்வாறு விட்டுவிடுதல் முறைதானா?

வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் முதலாளியின் விருப்பம் என்றே பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டுச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1971இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, நியாயமற்ற வேலைநீக்கத்தை ரத்துச் செய்து, தொழிலாளியை மீண்டும் பணியில் அமர்த்தும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அளித்தது. 1978இல் இந்துஸ்தான் டின் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலையோடு இடைக்காலச் சம்பளமும் தருவதே பொதுநெறி என்று கூறி, அத்தொழிலாளருக்கு நூற்றுக்கு 75 பங்கு வழங்கச் செய்தது.

2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. மீண்டும் பணியில் அமர்த்தும் அதிகாரம் அதிலும் உண்டு. ஆயினும், தீர்ப்பாயத்தை நாட முன்னர் இருந்த 3 ஆண்டுக் காலவரம்பு 2 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. ஆகவே, "பார்த்துக்கொள்ளலாம்" என்று காலந்தாழ்த்துவோர் தம் உரிமையையே இழக்க நேரிடும்.

தவறு செய்தவரைத் தண்டிக்கலாகாது என்று நாம் கூறவில்லை. குற்றத்தை எடுத்துரைத்து, அவர் சொல்வதைக் கேட்டு, குற்றத்துக்கேற்ற தண்டனையே தரவேண்டும் என்கிறோம். தொழிலாளரை அடிமைகளைப்போல் நடத்தலாகாது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் அறிவுறுத்தினார். புனித பவுல், ஒனேசிமுவைப் பிலமோனிடம் திருப்பி அனுப்பியபோது, அவனை அடிமையாக அன்றிச் சகோதரனாக ஏற்கும்படி வேண்டினார். அவன் பட்ட கடன் இருப்பின் தாமே செலுத்துவதாகவும் எழுதினார். பிரிந்தவனை மீண்டும் ஏற்பது நம் மறைக்குப் புதிதன்று.

இங்கே நம்மையும் ஆராய்ந்து பார்த்தல் நலம். அறப்பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களைப் புதிய சட்டம் 'தொழில்' என்னும் வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. நம் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் உழைக்கும் சமையற்காரரையும் காவலாளியையும் சட்டம் காக்கத் தவறலாம். அதனால் நம் கடமை குறையுமோ? சட்டம் விலக்களித்த இடத்திலும் நற்செய்தி விலக்களிப்பதில்லை.

அந்தத் தாய்க்குக் கடிதம் தர நாம் மறுக்கவில்லை. ஆனால், முதலில் மகனின் வேலைநீக்க உத்தரவையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துவரச் சொன்னோம். மறுநாள் காலை மகனே அவற்றைக் கொண்டுவந்தான். சமரச அதிகாரிக்கு மனு எழுத உடன் அமர்ந்தோம். தீர்ப்பு எவ்வாறாயினும், "போனது போகட்டும்" என்ற சொல் அவ்வீட்டில் இப்போது இல்லை.