டைமர் ஓடினால் படித்ததாகிவிடுமா?

ஒரே நாளில் ஒன்பது மணி நேரம். என் தங்கையின் படிப்புக் குழுவில் முதலிடம் பிடித்த மாணவனின் கணக்கு அது.

எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகிக் கொண்டிருந்த 11 பேருக்காக நான் ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். 25 நிமிடம் படித்தால் 10 புள்ளி. புள்ளி சேரச் சேர ஒரு ரம்புத்தான் கன்று மரமாக வளரும். யார் அதிகப் புள்ளி என்று காட்டும் தரவரிசைப் பட்டியலும் உண்டு. பள்ளிக்கும் போய்விட்டு வந்து ஒருவன் எப்படி ஒன்பது மணி நேரம் படித்தான் என்று புலனத்தில் கேட்டேன். "அண்ணா, நான் தூங்கிட்டேன். டைமர் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று பதில் வந்தது. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று தானாகவே தொடங்கும்படி எழுதியவன் நான்தானே!

குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் ஏமாற்றினான் என்றுகூடச் சொல்ல முடியாது. கடிகாரம் ஓடினால் புள்ளி என்பதுதான் நான் வைத்த விதி. கடிகாரம் ஓடியது.

அதே வாரம் நடந்த இன்னொன்று சிரிப்பதற்கு இல்லை. குழுவில் ஒரு மாணவி 19 நாள் விடாமல் படித்திருந்தாள். இருபதாவது நாள் அவளுடைய பாட்டிக்கு உடல்நலம் சரியில்லாமல் போய், இரவு முழுவதும் மருத்துவமனையில் இருந்தாள். மறுநாள் பக்கத்தைத் திறந்தால், 19 இருந்த இடத்தில் 0. மரம் பட்டுப்போயிருந்தது. "எல்லாம் சைபர் ஆயிடுச்சு. இனிமே எதுக்கு அண்ணா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. தூங்கியவனுக்கு முதலிடம், பாட்டியோடு இருந்தவளுக்குப் பட்ட மரம். இரண்டையும் செய்தது என் நிரல்.

இப்படிப்பட்ட டைமரை உருவாக்குவது நம் கல்லூரி மாணவர்களிடையே இப்போது வழக்கமான பயிற்சி. நிரலாக்கம் கற்பவர்கள் பலர் முதலில் செய்து பார்ப்பவற்றுள் இதுவும் ஒன்று. செய்வதற்கு எளிது, பார்ப்பதற்கு அழகு. ஆனால் எதற்குப் பரிசு தருகிறோம், எதற்குத் தண்டிக்கிறோம் என்பதை முடிவு செய்யாமலேயே புள்ளி, பதக்கம், தொடர் நாள் கணக்கு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுகிறோம். அது தவறு என்பது என் கருத்து. அந்தத் தவற்றைச் செய்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

25 நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, பாடத்தில் மனம் ஒன்றாமல் தவித்தார். உண்மையாகவே பத்து நிமிடம் படிக்க முடியுமா என்று தன்னோடு தானே பந்தயம் கட்டிக்கொண்டு, சமையலறையில் பயன்படுத்தும் தக்காளி வடிவ டைமர் ஒன்றை எடுத்து முறுக்கி வைத்தார். தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமொடோரோ. அந்தப் பெயரே முறைக்கும் நிலைத்துவிட்டது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்றுக்குப் பிறகு நீண்ட ஓய்வு. ஒரு சுற்று முடிந்தால் தாளில் ஒரு குறி போட வேண்டும். அவ்வளவே. அதில் புள்ளி இல்லை, போட்டி இல்லை. முக்கியமாக, என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிவைக்க வேண்டும். நம் மாணவர்கள் செய்யும் டைமர்களில் காணாமல் போவது இந்தப் பகுதிதான். தக்காளியை எடுத்துக்கொண்டு தாளைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

பிறகு விளையாட்டு அம்சங்கள் வந்து சேர்ந்தன. 2014இல் வெளிவந்த ஃபாரஸ்ட் செயலியைப் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். திறன்பேசியைத் தொடாமல் இருந்தால் மரம் வளரும். இடையில் வேறு செயலிக்குத் தாவினால் மரம் வாடிவிடும். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோவில் தொடர் நாள் கணக்குதான் பெரிய ஈர்ப்பு. ஒரு நாள் தவறினாலும் கணக்கு அறுந்துபோகாமல் காக்க ஒரு சலுகையையும் அந்தச் செயலியே வைத்திருக்கிறது. நான் மரத்தையும் தொடர் நாள் கணக்கையும் பார்த்து எழுதினேன். அந்தச் சலுகையை மட்டும் விட்டுவிட்டேன்.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடும் என்று நினைப்பது இயல்பு. எப்போதும் அப்படி நடப்பதில்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வை நடத்தினார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகள் அவர்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. சில நாள்களுக்குப் பிறகு பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள்தாம் மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் வரைந்தார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பரிசே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வண்ணம் தீட்டுவதும் கூடுதல் கணிதமும் ஒன்றல்ல. பிடிக்காத பாடத்தைத் தொடங்குவதற்குச் சின்னத் தூண்டுதல் தேவைதான், எனக்கும் தேவைப்படுகிறது. புத்தகத்தைத் திறக்கும் அந்த முதல் நிமிடம்தான் கடினம், அதற்குப் பரிசு கொடுக்கலாம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பதற்குப் பரிசு கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொரு தவறும் செய்தேன். அது தொழில்நுட்பம் சார்ந்தது. ஆனால் அதற்குள்ளும் இதே கேள்விதான் ஒளிந்திருந்தது.

டைமர் எழுதும் எல்லாரும் முதலில் செய்வது, ஜாவாஸ்கிரிப்டின் செட்இன்டர்வல் கட்டளையைக் கொண்டு நொடிக்கு ஒருமுறை 1500இலிருந்து ஒன்றைக் கழிப்பது. பக்கம் கண்முன் இருக்கும்வரை அது சரியாகவே ஓடும். ஆனால் மாணவர்கள் டைமரையே பார்த்துக்கொண்டு உட்காரப் போவதில்லை. வேறு டேபில் பாடக்குறிப்பைத் திறப்பார்கள். மறைந்திருக்கும் டேபுகள் மின்சாரத்தை வீணாக்காமல் இருக்க உலாவிகள் அவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 பதிப்பு முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர், நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே விழித்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதமுள்ள 20 நிமிடத்துக்கு 1200 முறை கழிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 20 மணி நேரம்! ஒழுங்காகப் பாடக்குறிப்பைப் படித்த பிள்ளைக்குக் கடைசிவரை மணி அடிக்காது.

தீர்வு எளிது. நொடிகளை எண்ணக் கூடாது. தொடங்கும்போதே முடிய வேண்டிய நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக் காட்ட வேண்டும். அந்த முடிவு நேரத்தை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்துவிட்டால், பக்கம் தவறி மூடப்பட்டாலும் திரும்பத் திறக்கும்போது கணக்குச் சரியாக இருக்கும். கணினியின் கடிகாரத்தை மாற்றி யாராவது ஏமாற்ற மாட்டார்களா என்று ஒரு நண்பன் கேட்டான். தாராளமாக ஏமாற்றலாம், லோக்கல் ஸ்டோரேஜில் உள்ள எண்ணையேகூடத் திருத்திக்கொள்ளலாம். ஏமாற்றிப் பெறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாதபடி செய்வதுதான் நம் வேலை.

இதைவிடப் பெரிய தவறு, டேபை விட்டு வெளியேறினால் மரம் வாடும்படி எழுதியது. பக்கம் கண்முன் இருக்கிறதா, மறைந்துவிட்டதா என்பதை உலாவி நமக்குத் தெரிவிக்கும். அதைப் பயன்படுத்தி "கவனச் சிதறலை"க் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன். நடந்தது என்ன? இணைய அகராதியில் சொல் தேடியவளின் மரம் வாடியது. கடந்த ஆண்டுக் கேள்வித்தாளைத் திறந்தவனின் மரமும் வாடியது. மடிக்கணினியில் டைமரை ஓடவிட்டு, மடியில் திறன்பேசியை வைத்து டிக்டாக் பார்த்தவனின் மரம் செழித்து வளர்ந்தது. மனம் எங்கே இருக்கிறது என்பது டேபுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் நாம் நடிக்கக் கூடாது.

எனவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். இப்போது தொடங்கும் முன் ஒரு வரி எழுத வேண்டும்: "வேதியியல், மோல் கணக்கு இரண்டு" என்பதுபோல. எழுதாவிட்டால் டைமர் ஓடாது. மணி அடித்ததும் மூன்று பொத்தான்கள்: முடிந்தது, பாதி, முடியவில்லை. எதை அழுத்தினாலும் ஒரே ஓர் இலைதான். உண்மையைச் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை, பொய் சொல்வதால் இலாபமும் இல்லை. மூன்றில் ஒன்றை அழுத்தாமல் அடுத்த சுற்று தொடங்காது என்பதால் தூங்குகிறவருக்கு ஓர் இலைக்கு மேல் கிடைக்காது. ஐந்து நிமிட ஓய்வைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஒரு நாளைக்கு எட்டு இலைக்கு மேல் தராது. தொடர் நாள் கணக்கு இல்லை. வாரத்தில் எந்த நான்கு நாள் வந்தாலும் ஒரு பூ. வராத நாளில் எதுவும் வாடாது. தரவரிசையை எடுத்துவிட்டு, 11 பேருக்கும் சேர்த்து ஒரே மரம் வைத்தேன்.

(மணியின் ஒலியையும் நிறுத்தி வைக்கும் வசதி கொடுங்கள். தங்குவிடுதி அறையில் இரவு பதினொரு மணிக்கு அந்த மணி அடித்தால் என்னவாகும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும் நினைத்துப் பாருங்கள். நொடிக்கு நொடி எண்ணை அவர்கள் காதில் ஒலிக்கவிடாமல், தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் அறிவித்தால் போதும்.)

இது எல்லாருக்கும் பிடித்ததா என்றால், இல்லை. தரவரிசை போனதும் இரண்டு மாணவர்கள் விலகிக்கொண்டார்கள். "போட்டி இல்லாட்டி போரடிக்குது அண்ணா" என்று ஒருவன் நேராகவே சொன்னான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. போட்டி சிலரை ஓட வைக்கும். தேர்வே ஒரு போட்டிதானே என்று கேட்கலாம். ஆனால் தேர்வில் தூங்கியவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. அங்கே விடைத்தாள் இருக்கிறது. டைமரில் விடைத்தாள் இல்லை, நிமிடங்கள் மட்டுமே இருக்கின்றன. எதை அளக்கிறோமோ அதையே இலக்காக வைத்துவிட்டால், அந்த அளவு பிறகு பயன்படாது என்று பொருளியலில் குட்ஹார்ட் விதி என ஒன்றைச் சொல்வார்கள். பிரிட்டனின் மத்திய வங்கியில் பணியாற்றிய சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்த கருத்து அது. எங்கள் குழுவில் அதை நிரூபிக்க மூன்று வாரம்கூடத் தேவைப்படவில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய டைமர்கள் காட்டும் நிமிடக் கணக்கைப் படிப்பின் சான்றாகக் கேட்காதீர்கள். "இன்று எத்தனை மணி நேரம்?" என்று கேட்கத் தொடங்கும் நாளில் டைமர்கள் இரவெல்லாம் ஓடத் தொடங்கும். அந்த ஒற்றை வரியைப் பற்றிக் கேளுங்கள். மோல் கணக்கு வந்ததா என்று கேளுங்கள்.

திட்டப்பணியாக இதைச் செய்யவிருக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதக்கத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், ஒரு தாளில் இதை எழுதி விடை தேடுங்கள்: பயன்படுத்துபவர் மூன்று நாள் வராமல் நான்காம் நாள் வந்தால், திரையில் முதலில் என்ன தெரியும்? மதிப்பீட்டின்போது விரிவுரையாளர் இதைக் கேட்காமல் போகலாம். கேட்காவிட்டாலும் நீங்களாகவே காட்டுங்கள்.

புதிய பக்கத்தைக் குழுவில் பகிர்ந்தபோது, விலகிப்போன அந்த மாணவிக்கும் தங்கை இணைப்பை அனுப்பினாள். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் இரவு பதிவில் ஒரு வரி வந்து விழுந்தது: "வரலாறு, ஒரே ஒரு பக்கம்." 25 நிமிடம் கழித்து அவள் அழுத்தியது "பாதி" என்ற பொத்தான். மரத்தில் ஓர் இலை கூடியது.