கசிவுக்குப் பெயர் அழகா?

‘செம்ம வின்டேஜ் லா!’ என்றான் நண்பன். பாட்டியின் கடைசிப் படத்தில் செம்மஞ்சள் கோடு ஒன்று அவர் முகத்தைத் தின்றிருந்தது. அது அழகில்லை, கோளாறு. இரண்டு வருடத்துக்கு முன்பே, முதல் ரோலிலேயே தெரிந்த கோடு. நானும் அப்போது இன்ஸ்டாவில் போட்டுப் பெருமையடித்தவன்தான்.

பிறகுதான் தேடினேன். செம்மஞ்சள் என்றால் வெளிச்சம் பிலிமின் முதுகு வழியாக வந்திருக்கிறது; அப்படியென்றால் பின்கதவு. படத்தில் இடது ஓரம். லென்ஸ் இடம்வலம் மாற்றிப் போடும், ஆக ஓட்டை வலப்பக்கக் கீலில். அங்கிருந்த நுரைப்பட்டை நம்ம ஊர்ப் புழுக்கத்தில் தார் மாதிரி உருகிக் கிடந்தது. சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, புதுசு ஒட்ட ஒரு மாலைகூட ஆகவில்லை.

இப்போது அதே கோட்டைச் செயலிகளே ஒட்டித் தருகின்றன. (சந்திப்பிழையை ‘என் ஸ்டைல்’ என்கிற கவிஞர்களும் இந்தக் கட்சிதான்.) ஒட்டிக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் வின்டேஜ் என்று சொல்லாதீர்கள். பாட்டியை மறுபடி உட்காரவைத்து எடுக்க முடியாது.