எலைசா மீண்டு வரலாமோ?

ஒரு கதையின் முடிவை மாற்றுவோர் அக்கதையின் பொருளையே மாற்றுவோராவர். எனினும் இன்னிசையும் எழிற்காட்சியும் உள்ளத்தைக் கவர்ந்து நிற்குங்கால், மாறியது யாதென உசாவ மறந்துவிடுகின்றோம். 1964-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கியூக்கர் இயக்கத்தில் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' என்னும் இசைப்படத்தைக் கண்டபின் எமக்குத் தோன்றிய கருத்து இதுவே.

இப்படத்திற்கு மூலம் பெர்னார்டு ஷா இயற்றிய 'பிக்மேலியன்' என்னும் நாடகமாகும். அது 1913-இல் வியன்னா நகரில் ஜெர்மன் மொழியிலும், 1914-இல் லண்டன் மாநகரில் ஆங்கிலத்திலும் முதன்முதல் நடிக்கப்பெற்றது, 1938-இல் பேசும்படமாயிற்று. 1956-இல் லெர்னர் பாட்டெழுத, லோவ் இசையமைக்க, நியூயார்க் மேடையில் இசைநாடகமாக உருப்பெற்று 2,717 முறை நடிக்கப்பெற்றது. அதன்பின்னரே திரைக்கு வந்து, எட்டு ஆஸ்கார் விருதுகளை ஈட்டியது.

லண்டன் தெருவில் மலர் விற்கும் எலைசா என்னும் ஏழைப்பெண்ணைச் செம்மையாகப் பேசப் பழக்கி, ஆறு திங்களில் பெருங்குடிச் சீமாட்டியெனக் காட்டுவதாக ஹிக்கின்ஸ் என்னும் ஒலிநூற் புலவர் சூளுரைக்கிறார். அவ்வாறே வெற்றியும் பெறுகிறார். வெற்றி கிட்டிய இரவில், உழைத்தவள் அவளென்பதை மறந்து தம்மையே புகழ்ந்துகொள்கிறார். சினந்த எலைசா, அவர்தம் பாதரட்சைகளை அவர்மீதே வீசிவிட்டு வீட்டைவிட்டு அகல்கின்றாள்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. எலைசா இரந்து வந்தவளல்லள். பூக்கடையொன்றில் வேலை பெறுதற்கேற்ற பேச்சைக் கற்க விரும்பி, ஒரு ஷில்லிங் கட்டணத்தோடு தானே வந்தவள். அத்தொகை அவள்தன் ஒருநாள் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கென்று, நாடகத்தில் ஹிக்கின்ஸே கணக்கிட்டு வியக்கிறார். ஆகலின் அவள் மாணவியேயன்றி, அவர் கைப்பாவையல்லள்.

ஷாவின் நாடகத்தில் எலைசா, அவர் ஏவிய பொருள்களை வாங்கிவர மறுத்துச் செல்கின்றாள். 1914-இல் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, இறுதிக்காட்சியில் அவளுக்கு மலர்களை எறிந்து காதற்குறிப்புக் காட்டவே, ஷா வெகுண்டார். 1916-இல் பின்னுரையொன்று வரைந்து, எலைசா ஃபிரெட்டி என்னும் இளைஞனை மணந்து பூக்கடை வைத்தனள் எனத் தெளிவாக்கினார். அங்ஙனமிருந்தும், 1938-ஆம் ஆண்டுப் படமும் 1964-ஆம் ஆண்டுப் படமும் அவளை ஹிக்கின்ஸின் இல்லத்திற்கே மீட்டு வந்தன. மீண்டவளை நோக்கி அவர் வினவுவது யாது? தம் பாதரட்சைகள் எங்கே என்பதே!

இசைக்காதற் கதையில் இருவரும் கூடுதல் மரபென்றும், எலைசா மென்முறுவல் பூப்பதன்றிப் பாதரட்சையைத் தேடுவதாகக் காட்டப்படவில்லையென்றும், அவளைப் பிரிந்த ஹிக்கின்ஸ் அவள் குரற்பதிவைக் கேட்டு உருகுகின்றாரென்றும் சிலர் கூறுவர். உருகுதல் உண்மையே, யாமும் அக்காட்சியில் உருகினோம். ஆயினும் தனிமைக்கு வருந்துதல் வேறு; பிறர்க்கிழைத்த தவற்றிற்கு வருந்துதல் வேறு. அவர் வாயினின்றும் மன்னிப்பென்னும் ஒரு சொல்லும் பிறந்திலது.

இஃது எங்கோ நிகழ்ந்த கதையென்று தள்ள எம்மால் இயலவில்லை. யாமும் ஊர்ப்பேச்சோடு கல்லூரி வாயிலில் நுழைந்தோம். முதலாண்டில் வாய்திறந்தபோது எழுந்த நகைப்பை இன்னும் மறந்திலோம். நடை திருந்தி விடுமுறையில் வீடு சென்றாலோ, எம் பாட்டியார், "யாரைப்போலவோ பேசுகிறாயே" என்றார். புதுமொழி கற்றவர் பழைய இடத்திற்கும் உரியரல்லராய், புதிய இடத்திற்கும் உரியரல்லராய் நிற்கும் துன்பத்தை எலைசா அறிவாள். யாமும் ஓரளவு அறிவோம். அத்துன்பத்தில் எம்மைத் தாங்கியவர், எம் சொல்லை நகையாது செவிமடுத்த ஆசிரியரே. எலைசாவுக்கும் தன்மதிப்பை அளித்தது ஹிக்கின்ஸின் பயிற்சியன்று; கர்னல் பிக்கரிங் அவளை மதிப்போடு விளித்த விளியே என்று நாடகத்தில் அவளே கூறுகின்றாள்.

நன்னூற் பாயிரம் மாணாக்கன் இயல்பைக் கூறுமுன் ஆசிரியன் இயல்பைக் கூறுகின்றது. நிலம், மலை, துலாக்கோல் என்பவற்றோடு மலரையும் அவனுக்கு உவமையாக்குகின்றது. மலர் விற்றவளுக்கு வாய்த்த ஆசிரியரிடத்தே மலரின் மென்மை இலதாயிற்று! அவர்பால் அவள் நன்றி பாராட்டுதல் தகும். ஏவல் செய்தல் தகாது. மாணவர் தம் காலில் நின்று தம் வழியே செல்லும் நாளன்றோ ஆசிரியரின் வெற்றிநாள்?

2018-இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் இவ்விசைநாடகம் மீண்டும் அரங்கேறியபோது, பாடல்கள் குறையாதிருக்க, எலைசா மட்டும் இறுதியில் ஹிக்கின்ஸை விட்டு நீங்கிச் சென்றாள். இன்னிசைக்காகப் பெண்ணின் மானத்தை விலையாகத் தரவேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆகவே நண்பர்காள்! அப்படத்தைக் காண்மின், அதன் பாடல்களைக் கேட்டு மகிழ்மின். இறுதிக் காட்சியில் மட்டும், அவள் திறந்து வந்த கதவு இன்னும் திறந்தே இருக்கின்றதென எண்ணிக்கொள்மின்.